சோதனையும் ஒரு தானமா?

இல்லறத்தார்க்குரிய கடமைகளுள் தானம் தலையாயது என்பதும், அத்தானம் உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைப்படும் என்பதும் இவ்விதழின் வாசகர்கள் நன்கறிந்தவை. பசித்தவனுக்குச் சோறிடுவதிலும் பிணியுற்றவனுக்கு மருந்தளிப்பதிலும் ஐயம் எழ இடமில்லை. கொடுப்பவன் கொடுக்கிறான், பெறுபவன் துயர் அப்பொழுதே தணிகிறது. ஆனால் பசியே இல்லாதவனை அழைத்து, ‘உனக்குள் ஒரு பசி ஒளிந்திருக்கலாம், தேடிப் பார்ப்போம் வா’ என்று சொல்வது தானமாகுமா? தேடிக் கண்டபின் அவனுக்கு இடுவதற்கு நம் கையில் சோறு இல்லையெனில் அச்செயலை என்னென்பது?

இவ்வினா வெறும் தருக்கத்துக்காக எழுப்பப்படுவது அன்று. இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள வடசென்னைப் பகுதிகளில் அறக்கட்டளைகளும் சங்கங்களும் இலவச மருத்துவ முகாம்கள் நடத்துவது நெடுநாளைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ மேசைகள் இடப்படும். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்பார்வை ஆகியவை பார்க்கப்படும். ஐம்பது வயது கடந்த ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயைச் சுட்டும் இரத்தச் சோதனையையும் இவற்றோடு சேர்த்தால் என்ன என்ற எண்ணம் கொடையாளர்க்கு எழுவது இயல்பே. ஒரு சிறு குழாய் இரத்தம். தலைக்குச் சில நூறு ரூபாய். ஓர் உயிர் காக்கப்படுமெனில் அது பெரிதா? கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும். அசைக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள.

முதலில் முகாமுக்கு வரும் மனிதரை நோக்குவோம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், எண்ணூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தள்ளியவர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் இயந்திரங்களோடு முப்பது ஆண்டுகள் நின்றவர். அந்த அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டியுள்ளனர். இந்நோய் முதன்மையாக முதுமையின் நோய். ஆதலின் அவர்கள் அதன் வாயிலில் நிற்கின்றனர் எனலாம். (இப்பகுதியில் எந்த நோய் வந்தாலும் புகைபோக்கியின்மீது பழி போடுவது வழக்கம். நுரையீரலைப் பொறுத்தவரை அப்பழியில் நியாயம் உண்டு. இச்சுரப்பியின் புற்றுநோய்க்கோ ஐயமறத் தெரிந்த காரணங்கள் வயதும் குடும்ப வழியும்தாம்.)

புராஸ்டேட் என்பது ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சுற்றி அமைந்த சிறு சுரப்பி. வயதேறுங்கால் பெரும்பாலோர்க்கு அது பருக்கிறது. இரவில் பலமுறை எழுதல், சிறுநீர் தயங்கித் தயங்கி இறங்குதல் ஆகிய தொல்லைகள் பெரும்பாலும் அப்பருமனால் வருவன. அது புற்றுநோய் அன்று. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் புறப்பகுதியில் தோன்றி, ஓசையின்றி வளர்ந்து, எலும்புக்குச் சென்றபின் முதுகுவலியாக வெளிப்படுவதும் உண்டு. முப்பது ஆண்டுகள் மூட்டை தூக்கியவர் முதுகுவலியை நோயென்று கருதுவாரா? தைலம் தடவிக்கொள்வார். சிறுநீர்த் தொல்லையை மனைவியிடமும் சொல்லமாட்டார். கால்கள் மரத்து நடக்க இயலாமற் போன நாளில்தான் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டு செல்லப்படுவார். 1782 வாக்கில் பஞ்சத்தால் வாடியவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயரை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. நம் நாட்டில் இந்நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவோர் தொகை மேலைநாடுகளைக் காட்டிலும் மிகுதி. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து பேணிவரும் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு, இந்நோய் ஆடவரிடையே கூடிவருவதையும் காட்டுகிறது. ஆகவே தேட வேண்டும் என்பார் கூற்றில் வலிமை இல்லாமல் இல்லை.

இனித் தேடும் கருவியை நோக்குவோம். பி.எஸ்.ஏ. என்று மூன்றெழுத்தில் வழங்கும் அப்பொருள், புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். 1986இல் அந்நாட்டு அரசு அதனை ஏற்றபோது, சிகிச்சை பெற்றவர்க்கு நோய் திரும்புகிறதா எனக் கண்காணிப்பதற்கு மட்டுமே ஏற்றது. நோயைக் கண்டறிய உதவும் சோதனையாக ஏற்றது 1994இல்தான். இவ்விரண்டு பயன்களையும் ஒன்றெனக் கருதுவதிலேயே குழப்பம் தொடங்குகிறது. சுரப்பி அகற்றப்பட்டவருடைய இரத்தத்தில் அப்புரதம் மீண்டும் ஏறுமாயின், சுரப்பியின் உயிரணுக்கள் எங்கோ மிஞ்சியுள்ளன என்பது பொருள். அவை பெரும்பாலும் நோயுற்ற அணுக்களே. சுரப்பி உள்ளவருடைய இரத்தத்தில் அது ஏறுமாயின், புற்றுநோயாகவும் இருக்கலாம், வெறும் பருமனாகவும் இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு மில்லிலிட்டரில் 4 நானோகிராமுக்கு மேற்பட்டு 10க்குள் இருப்போரில் ஏறத்தாழ நால்வரில் மூவர்க்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அப்புரதம் சுரப்பிக்கு உரியதேயன்றிப் புற்றுநோய்க்கு உரியதன்று. 1970லேயே இச்சுரப்பிக்குரிய தனிப்பொருளைப் பற்றி எழுதிய ரிச்சர்டு ஆப்ளின், நலமுள்ள ஆடவர் அனைவர்க்கும் இச்சோதனையைச் செய்வதை எதிர்த்துப் பின்னாளில் நூலே எழுதினார். ஒரு பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முழுமையெனக் கொள்ளலாகாது என்பதை அநேகாந்தம் பயின்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் நோயாளியின் கையில் சோதனைச்சாலைத் தாள் வந்து, அதில் ஓர் எண்ணின்கீழ்த் தடித்த கோடு இடப்பட்டிருக்குமாயின், அன்றிரவு அநேகாந்தம் அவருக்குத் துணை வருமோ என்பது வேறு செய்தி.

இச்சோதனை உயிரைக் காக்கிறதா என்று அறிய இரு பேராய்வுகள் நடந்தன. அமெரிக்காவில் 1993 முதல் எழுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரைக் கொண்டு செய்த ஆய்வு, இறப்பில் குறைவு காணவில்லை என்று 2009இல் அறிவித்தது. ஆனால் சோதனை செய்யப்படாதோர் எனக் கருதப்பட்ட குழுவினரிலும் பெரும்பாலோர் வெளியே சென்று அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தனர். ஆதலின் அம்முடிவு தெளிவற்றுப் போயிற்று. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 55 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,62,000 பேரைக் கொண்டு நடந்த ஆய்வே உறுதியான விடை தந்தது. அதன் 23 ஆண்டுக் கணக்கு 2025இல் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 13 விழுக்காடு குறைவு. அதாவது 456 பேரை அழைத்தால் ஒருவர் காக்கப்படுகிறார். கூடுதலாக நோய் கண்டறியப்படும் 12 பேருக்கு ஒருவர் காக்கப்படுகிறார்.

அந்த ஒருவர் பொருட்டு நாம் மகிழ்கிறோம். மற்றப் பதினொருவர் யார்? அவர்களுள் பலர் அந்நோய் இருப்பதை அறியாமலே வாழ்ந்து, வேறொரு காரணத்தால் மூப்பில் மறைந்திருக்கக் கூடியவர்கள். வேறு நோய்களால் இறந்த முதியோரின் உடல்களை ஆராய்ந்தபோது, பலருடைய சுரப்பிகளில் உறங்கும் புற்றணுக்கள் இருந்தமை பல பத்தாண்டுகளாகத் தெரிந்த உண்மை. அந்த உறக்கத்தைக் கலைத்து, நோயாளி என்னும் பெயரைச் சூட்டி, கத்தியின் முன்னோ, மக்கள் ‘கரண்டு வைப்பது’ என்று கூறும் கதிர்வீச்சின் முன்னோ நிறுத்தியது நம் சோதனை. அவர்களுள் எவரும் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை அறியார், எவரும் முறையிடார். பன்னிருவரும் ‘நல்ல வேளை, முகாமுக்குப் போனேன்’ என்றே நன்றியுடன் சொல்வர். காக்கப்பட்டவர் யார், வீணே துன்புற்றவர் யார் என்பதை மருத்துவரும் பிரித்துக் காட்ட இயலாது. பிற தீங்குகளில் துன்புற்றவன் குரலாவது கேட்கும். இங்கே தீங்குக்கு உள்ளானவனே வாழ்த்துகிறான். வாழ்த்தைக் கேட்டு அறத்தின் அளவை மதிப்பிடும் பழக்கமுடைய கொடையாளர்க்கு இதனினும் பெரிய இடர் வேறில்லை என்பது என் கருத்து.

அத்தீங்கு எத்தகையது என்பதையும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். ஐயம் எழுந்தவுடன் செய்யப்படும் திசுச் சோதனையில் சுரப்பிக்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு முறை ஊசி செலுத்தப்படுவது நெடுநாளைய முறை. மலக்குடல் வழியே செலுத்தும்போது தொற்று ஏற்பட்டுக் காய்ச்சலுடன் படுக்கையில் விழுவோர் உண்டு. அறுவையின்பின் ஆண்மை குன்றலாம். சிறுநீர் அடங்காமற் கசியலாம். இவையெல்லாம் ‘பக்க விளைவுகள்’ என்று ஒரு வரியில் அச்சிடப்படும். வீட்டினுள் தனிக் கழிப்பறையும் ஓயாத தண்ணீரும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ளவர்க்கு அவ்வரி ஒரு பொருள் தரும். குடிசை மாற்று வாரியம் என முன்னர் வழங்கிய வாரியத்தின் பழைய அடுக்குக் குடியிருப்பில், ஓர் அறையில் ஐவர் உறங்கும் வீட்டில், தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில், அவ்வரியின் பொருள் வேறு. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் எழுந்து போவதைக் கண்டவர் மறுமுறை பேருந்தில் ஏறமாட்டார். கோயிலுக்கும் திருமணத்துக்கும் போவதை நிறுத்துவார். உயிர் காக்கப்பட்டவர் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். காக்கப்பட வேண்டிய தேவையே இல்லாதிருந்தவர் ஏன் பொறுக்கவேண்டும்?

இல்லறத்தார் ஏற்கும் குணவிரதங்கள் மூன்றனுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்று. பயனின்றிப் பிறவுயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களிலிருந்து விலகுதல் அதன் உட்பொருள். இதுவரை அதனை வீணே மரம் வெட்டுதல், படைக்கலம் ஈதல் போன்றவற்றுக்கே பொருத்திப் பேசினோம். நன்மை நாடிச் செய்யும் பயனற்ற சிகிச்சை அதில் அடங்காது என்று கூற எனக்குக் காரணம் தெரியவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்பொழுது, கவனமற்ற செயலோடு அதனைப் பிணைத்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். எண்ணம் தூய்மையாக இருந்தது என்று சொல்லித் தப்பிவிட இயலாது. அச்செயலின் விளைவை ஆராய்ந்தாயா என்ற கேள்வி நிற்கிறது.

இவ்வாறு கூறுவதால் மருத்துவ ஆராய்ச்சியைக் குறை சொல்வதாகக் கருதலாகாது. உண்மையில் இக்குறைகளையெல்லாம் நமக்குக் காட்டியதே ஆராய்ச்சிதான். கடந்த முப்பது ஆண்டுகளில் இத்துறையில் நடந்த மிகச் சிறந்த ஆய்வுகள், எதைச் செய்யாமல் விடலாம் என்பதைக் கற்பித்தவை. இங்கிலாந்தில் 1999 முதல் 2009 வரை 82,000க்கு மேற்பட்டோர்க்கு இரத்தம் பார்த்து, சுரப்பிக்குள் அடங்கிய நோய் கண்டவர்களுள் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர்க்கு அறுவை; ஒரு குழுவினர்க்குக் கதிர்வீச்சு; மூன்றாம் குழுவினர்க்கு உடனடியாக எதுவும் இல்லை, காலந்தோறும் இரத்தத்தைப் பார்த்துக் காத்திருத்தல். பதினைந்து ஆண்டுகள் கழித்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று குழுக்களிலும் சேர்த்து இந்நோயால் இறந்தவர் 45 பேர். காத்திருந்தோரிடையே 17, அறுவை பெற்றோரிடையே 12, கதிர்வீச்சுப் பெற்றோரிடையே 16. ஒரு குழுவுக்கும் மற்றொன்றுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்தோரிடையே நோய் பரவுவது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர்ச் சிகிச்சையை ஏற்றனர். ஆயினும் நான்கில் ஒருவர் எச்சிகிச்சையும் இன்றி அப்பதினைந்தாண்டுகளையும் கடந்து உயிருடன் இருந்தனர்.

அந்த 1,643 பேரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ‘உனக்குப் புற்றுநோய், அறுவையா, கதிர்வீச்சா, காத்திருப்பா என்பதை உன் விருப்பமும் முடிவு செய்யாது, மருத்துவர் விருப்பமும் முடிவு செய்யாது, குலுக்கல் முடிவு செய்யும்’ என்று சொல்லக் கேட்டு, அதற்கு இசைந்தவர்கள் அவர்கள். தம் உடலைக் கொண்டு தமக்குப் பின் வருவோர்க்கு அறிவை ஈந்தனர். சாத்திர தானத்துக்கு இதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு இக்காலத்தில் தேடினும் கிடைப்பதரிது. அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஐயத்துக்குரிய இடம் இருந்தால் மட்டும் ஊசி செலுத்தும் முறையும் இவ்வழிப்பட்டதே. 500 பேரைக் கொண்டு பல நாடுகளில் நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழைய முறை தீவிர நோயை 26 விழுக்காட்டினரிடம் கண்டது, புதிய முறை 38 விழுக்காட்டினரிடம் கண்டது. தீங்கற்ற சிறு புற்றுக்களைப் பழைய முறை 22 விழுக்காட்டினரிடம் கிளறி எடுத்தது, புதிய முறை 9 விழுக்காட்டினரிடமே எடுத்தது. படமெடுக்கப்பட்டோருள் நான்கில் ஒருவர்க்கு மேல் ஊசியே தேவைப்படவில்லை. கொல்லும் நோயை மிகுதியாகவும் உறங்கும் நோயைக் குறைவாகவும் காண்பதுதான் முன்னேற்றம் என்ற தெளிவு இப்போதுதான் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தடுப்புமருத்துவக் குழு 2012இல் இரத்தச் சோதனை வேண்டாவென்றது; 2018இல் 55 முதல் 69 வயதினர் மருத்துவருடன் கலந்து தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. இந்திய அரசின் புற்றுநோய் முற்சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றே உள்ளன, புராஸ்டேட் இல்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவது பயனுடைத்து. கருப்பைவாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, கண்ணால் நோக்கி, நோய்க்கு முந்திய மாற்றத்தை அறியும் எளிய சோதனை அது. 49,000 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 31,000 பேர் ஒப்பீட்டுக்காக வழக்கமான கவனிப்பில் மட்டும் விடப்பட்டனர். 2007இல் வந்த முடிவின்படி இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. பெரும்பாலும் அன்றே, அங்கேயே சிகிச்சையும் செய்ய முடிந்தது அதன் சிறப்பு. இந்தியாவில் இவ்வகை ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவாக விடப்பட்ட ஏழைப் பெண்களைப் பற்றிப் பின்னாளில் வெளிநாட்டிலிருந்து கடுங்கண்டனம் எழுந்தது. நம் நாட்டில் அன்று எவர்க்குமே சோதனை இல்லாதிருந்த நிலையில், எதையும் எவரிடமிருந்தும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர் விடையிறுத்தனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் அவ்வாய்வு இல்லையேல் எளிய சோதனை உயிர் காக்கும் என்பதை நாம் நம் மண்ணில் அறிந்திருக்க மாட்டோம்.

புராஸ்டேட் நோய்க்கு அத்தகைய ஆய்வு நம் மண்ணில் நடந்ததில்லை. ஐரோப்பியக் கணக்கை அப்படியே காசிமேட்டுக்குக் கொண்டுவரல் ஆகாது. இந்நோய் நம்மிடையே மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. நோய் அரிதாயின் ஒருவரைக் காக்க அழைக்கப்பட வேண்டியோர் தொகை 456ஐவிடக் கூடவே செய்யும். வீணே அச்சுறுத்தப்படுவோர் தொகையும் உடன் கூடும். நாளை இங்கு அவ்வாய்வு நடக்குமாயின் அதற்கு உடல் தருவோர் யார்? அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் சீட்டெடுத்து நிற்போர்தாம். 2019ஆம் ஆண்டின் மருந்தாய்வு விதிகள் அறிந்து இசைதலையும், தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டையும் கட்டாயமாக்கியுள்ளன. ஆயினும் ‘டாக்டர் சொன்னா சரிங்க’ என்று கூறிக் கைரேகை பதிப்பவர் அறிந்து இசைந்தாரா, அஞ்சி இசைந்தாரா என்பதை விதிகள் காணமாட்டா. (இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்நோய் ஆண்மைச் சுரப்புநீரைச் சார்ந்து வளர்வது என்று 1941இல் நிறுவி, 1966இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஹக்கின்ஸ், தம் அறிவின் பெரும்பகுதியை நாய்களை அறுத்துப் பெற்றார். இன்று அம்மருந்தால் வலி தணிந்து உறங்கும் நம் முதியவர்கள் அந்நாய்களுக்கும் கடன்பட்டவர்களே. இக்கடனை எவ்வாறு தீர்ப்பதென்பது தனிக் கட்டுரைக்குரியது.)

இனி ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ‘செல்வர்கள் ஆண்டுதோறும் தனியார் மருத்துவமனைகளில் மாஸ்டர் செக்கப் என்று இதே சோதனையைச் செய்துகொள்கின்றனர். ஏழைக்கு மட்டும் அது தீங்கு என்று தடுப்பது என்ன நியாயம்? அறியாமையிலேயே அவன் இருக்கட்டும் என்பதா உங்கள் அறம்?’ செல்வர் பலர் அச்சோதனையால் அடைவது நன்மையன்று என்பது ஒரு விடை. ஆனால் அது முழு விடையாகாது. செல்வருக்கு எண் உயர்ந்தால் மறுநாள் எம்.ஆர்.ஐ.; அடுத்த வாரம் இரண்டாவது மருத்துவர்; மகன் கார் ஓட்டிச் செல்வான்; காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் ஆறு திங்களுக்கு ஒருமுறை வந்து காட்டிக் காத்திருக்கவும் இயலும். திருவொற்றியூர்த் தொழிலாளிக்கு எண் உயர்ந்தால், முகாம் முடிந்து மேசைகள் வண்டியில் ஏறியிருக்கும். ஒவ்வொரு முறை மருத்துவமனை செல்வதும் ஒரு நாட்கூலி. காத்திருத்தல் என்பதற்கும் செல்வம் வேண்டும் என்பதை நாம் எண்ணுவதில்லை. இருவர்க்கும் ஒரே சோதனையைச் செய்வது சமநீதிபோல் தோன்றும். சோதனைக்குப்பின் கிடைப்பது ஒன்றல்லவெனில் அச்சமநீதி தாளில் மட்டுமே உள்ளது.

இங்கேதான் நான்காம் தானம் நினைவுக்கு வருகிறது. அபயம் என்பது அஞ்சேல் என்று கூறிப் புகலளித்தல். அறிவைக் கொடுத்து, அச்சத்தையும் கொடுத்து, புகலைக் கொடாமல் விடுவோமாயின் ஒரு தானத்தால் மற்றொரு தானத்தை அழித்தவராவோம். மருத்துவர் சிலர் இதற்கு உடன்படார். அச்சம் தற்காலிகம், உயிரே பெரிது என்பர். புகல் உள்ள இடத்தில் அவர் கூற்றை ஏற்பேன்.

ஆகவே நம் அன்பர்கள் முகாமில் எல்லோர்க்கும் இரத்தம் எடுக்கும் திட்டத்தை விடுத்து, அதே பொருளை வேறிடத்தில் செலவிடலாம் என்பது என் துணிபு. எலும்பு வலியோடும் சிறுநீரில் இரத்தத்தோடும் வருபவரை முகாமிலேயே இனங்கண்டு, ஒரு தொண்டர் கூடவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். இவர்களுக்கு இரத்தச் சோதனை ஐயத்துக்கு இடமின்றி வேண்டியது. சிகிச்சை பெற்று முடித்தவர்க்கு மூன்று திங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய சோதனை கட்டணத்தால் தடைப்படாதிருக்கட்டும். 1986இல் இச்சோதனை ஏற்கப்பட்டதே அப்பணிக்குத்தான். இன்னொன்று சொல்லவே நா கூசும். நோய் முற்றியவர்க்கு ஆண்மைச் சுரப்புநீரை அடக்க இரு வழிகள் உள: காலந்தோறும் ஊசிமருந்து, அல்லது விதைகளை அகற்றும் அறுவை. பயன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அறுவை ஒருமுறை, செலவு குறைவு; ஊசியின் செலவு வாழ்நாள் முழுதும். ஏழைகள் அறுவையைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று எழுதுகிறோம். தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு இருந்திருக்க வேண்டும். அவ்விரண்டாவதை ஒருவர்க்கேனும் உண்மையில் முன்வைக்கக் கூடுமாயின் அது ஔடத தானம் என்ற பெயருக்கு முழுதும் தகும்.

இனி, சோதனையைத் தாமாகக் கேட்டு வருபவர் உண்டு. அவர்க்கு மறுக்கலாகாது. எண் உயர்ந்தால் அடுத்து என்னென்ன வரும் என்பதை அவர் மொழியில் சொல்லி, வீட்டில் கலந்துவரச் சொல்லி, ஒரு வாரம் கழித்து அதே மனிதர் அதே இடத்தில் இருந்து இரத்தம் எடுக்கட்டும். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஒருவனுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. அத்தகையோரை நாமே தேடிச் சென்று சொல்வதும் தகும்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. நோயுற்ற தந்தை பிள்ளைகளிடம் சொல்ல மறுப்பார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ‘அவர்கள் குடும்பத்தில் கேன்சர்’ என்ற பேச்சு வேண்டா என்பது அவர் எண்ணம். சில குடும்பங்களில் இந்நோய்க்கு வித்தாகும் மரபணுக் குறையே மகளுக்கு மார்பகப் புற்றுநோயாக வரக்கூடும் என்பதை அவர் அறியார். மருத்துவர் அவரை மீறி மகனிடம் கூறலாமா? நம்பிச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவர் அருகில் அமர்ந்து, மூத்த மகனுக்கு நாற்பத்தைந்து ஆகிறது என்பதையும், மகள் நலமும் அவர் வாய்ச்சொல்லில் இருக்கிறது என்பதையும், ஒருமுறையன்றிப் பலமுறை, அவசரமின்றி எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். எண்ணூரிலும் இராயபுரத்திலும் அந்த வேலைக்கு இப்போது ஆளில்லை.